திருட்டுப் பிரிண்ட்டால இத்தனை ஆயிரம் கோடி நஷ்டம்னு சொல்றாங்களே, அந்தக் கணக்கைப் பிரிச்சுப் பாக்குறது எப்படி? முழுமையான வழிகாட்டி

போன தீபாவளிக்கு மறுநாள் கானாடுகாத்தான்ல எங்க பெரிய வீட்டுல எல்லாரும் கூடியிருந்தோம், ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் வளவுல, அதாவது வீட்டு நடு முற்றத்துல, டிவிய இழுத்துப் போட்டு யாரோ பென்டிரைவ சொருக, அந்த வாரம் வந்த புதுப்படம் ஓட ஆரம்பிச்சிருச்சு. தியேட்டர் பிரிண்ட்தான், நடுவுல ஒருத்தர் எந்திரிச்சுப் போற தலை தெரியுது, வசனம் பாதி கேக்கல. மொத்தம் 11 பேர் பாத்தோம்.

யார் யாருன்னு சொல்றேன், ஏன்னா இந்தக் கட்டுரை முழுக்க இவங்கதான் வரப்போறாங்க. அப்பத்தாவுக்கு 82 வயசு, முட்டிவலி வந்ததுல இருந்து தியேட்டர் பக்கம் போனதே இல்ல. வாட்ச்மேன் அண்ணன், அவர் சம்சாரம், ரெண்டு பேரும் வீட்டைப் பூட்டிட்டு எங்கயும் போக முடியாது. சமையலுக்கு வந்திருந்த அக்கா. சிங்கப்பூர்ல இருந்து வந்த அண்ணன், அவரு அங்கயே தியேட்டர்ல காசு குடுத்துப் பாத்துட்டுதான் ஃப்ளைட் ஏறுனாரு. ரெண்டு சின்னப் பசங்க. எங்க அப்பச்சி, இடைவேளைக்கு முன்னாடியே தூங்கிட்டாரு. எங்க ஆச்சி மகன், அதாங்க அக்கா மகன், அவன் பொண்டாட்டி, அப்புறம் நான். கடைசியா சொன்ன மூணு பேரும் மறுநாள் காரைக்குடியில போய் அந்தப் படத்தைப் பாக்குறதா பேசி வச்சிருந்தோம். பென்டிரைவ்ல பாத்ததால போகல.

நான் பாத்தது தப்புதான், அதை மறைக்கல. ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம ஒரு கேள்வி மண்டையில ஓடுச்சு: இந்த வளவுல சினிமாக்காரங்களுக்கு எவ்வளவு நஷ்டம் ஆச்சு? பேப்பர்ல வர்ற கணக்குப்படி பாத்தா 11 டிக்கெட், ஒண்ணு 130 ரூபான்னு வச்சா 1,430 ரூபா. நிஜமா போகாம போன டிக்கெட் 3, அதாவது 390 ரூபா. ஒரே வீடு, ஒரே படம், ஒரே ராத்திரி, கணக்கு மட்டும் கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். ஊர் முழுக்க, நாடு முழுக்க இதைப் பெருக்குனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

நான் காரைக்குடியில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 14 வருஷமா கணக்கு பாக்குறேன். சினிமா நம்ம ஊருக்கு அந்நியமும் இல்ல, ஏவி.மெய்யப்பன் பொறந்தது காரைக்குடியில, கோடம்பாக்கம் போறதுக்கு முன்னாடி தேவகோட்டை ரஸ்தாவுலதான் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்துனாரு. அதனால திருட்டு நல்லதுன்னு சொல்ல நான் வரல. படம் எடுக்குறவன் வட்டிக்கு வாங்கித்தான் எடுக்குறான், வட்டின்னா என்னன்னு செட்டிநாட்டுக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. ஆனா நஷ்டம்னு எழுதுறதுக்கு ஒரு முறை இருக்கு, அந்த முறையை விட்டுட்டு எழுதுனா அது கணக்கே இல்ல. நீங்களே உக்காந்து சரிபாக்குற மாதிரி படிப்படியா எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

படி 1: பேரேட்டு விதிய மனசுல வச்சுக்கங்க

எங்க ஐயா பர்மாவுல ஒரு கடையில அடுத்தாளா, அதாவது ஏஜென்டுக்கு அடுத்த நிலை ஆளா, இருந்தவரு. ஐந்தொகை, அதாவது கணக்கை முடிக்கிற பட்டியல், போடும்போது அவரு சொல்ற விதி ஒண்ணு உண்டு, ஒருத்தன் பேர்ல பற்று எழுதணும்னா அவன் வாங்கிருக்கணும், இல்ல தர்றேன்னு சொல்லிருக்கணும். கடை வாசல் வழியா போனவன் பேரையெல்லாம் பேரேட்டுல எழுதி, இவன் வாங்கிருந்தா இவ்வளவு வந்திருக்கும், வாங்கல, அதனால நஷ்டம்னு எழுதக்கூடாது. வராக்கடன்ங்கிறது வேற, வராத வாடிக்கைக்காரன்ங்கிறது வேற.

நஷ்டத்துலயும் ரெண்டு வகை இருக்கு. 1930கள் கடைசியில கீழ் பர்மாவோட முக்கியமான நெல் மாவட்டங்கள்ல கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில இருந்துச்சு, பெரும்பாலும் கடனைக் கட்ட முடியாம அடமானத்துல முங்கி வந்த நிலம். 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப விட்டுட்டு நடந்தே வந்தாங்க, அப்புறம் சுதந்திர பர்மா அந்த நிலத்தை நாட்டுடைமையாக்கிருச்சு. அது நஷ்டம். பத்திரம் இருந்துச்சு, ஏக்கர் இருந்துச்சு, இன்ன ஊர் இன்ன வயல்னு காட்டலாம். திருட்டுப் பிரிண்ட்ல போறது இப்படிக் கையில இருந்து போற பொருள் இல்ல, வந்திருக்க வேண்டிய வருமானம். அது உண்மையான நஷ்டமா இருக்கலாம், மறுக்கல. ஆனா வந்திருக்கும்னு நிரூபிக்கிற வேலை சொல்றவங்களோடது. மிச்சம் இருக்குற எல்லாப் படியும் இந்த ஒரு விதியில இருந்து வர்றதுதான்.

படி 2: நம்பர் எங்க பொறந்துச்சுன்னு தேடுங்க

ஒரு நம்பரைப் பாத்த உடனே அது பெருசா சிறுசான்னு பாக்காதீங்க, யாரு முதல்ல சொன்னாங்கன்னு பாருங்க. பேப்பர்ல "ஒரு ஆய்வின்படி"ன்னு போட்டிருந்தா அந்த ஆய்வுப் பேரைத் தேடுங்க, அது இன்னொரு அறிக்கையைக் காட்டும், அந்த அறிக்கை ஒரு பேச்சைக் காட்டும், இப்படியே பின்னாடி போங்க. ரொம்ப தடவை கடைசியில ஒண்ணுமே இருக்காது.

இதுக்கு ரொம்பப் பெரிய உதாரணம் அமெரிக்காவுல நடந்துச்சு. போலி சரக்காலயும் திருட்டாலயும் வருஷத்துக்கு 20,000ல இருந்து 25,000 கோடி டாலர் நஷ்டம், 7,50,000 பேருக்கு வேலை போச்சுன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்தாங்க, எஃப்பிஐ பேர்ல, சுங்கத்துறை பேர்ல. 2010 ஏப்ரல்ல அந்த நாட்டு அரசாங்கத்தோட தணிக்கை அலுவலகமே உக்காந்து தேடிப் பாத்துச்சு. எந்த டேட்டாவுல இருந்து வந்துச்சு, எப்படிக் கணக்குப் போட்டாங்கன்னு கண்டுபிடிக்கவே முடியலன்னு எழுதிட்டாங்க. அதுக்கு முன்னாடியே ஒரு பத்திரிகையாளர் அந்த 7,50,000ஐப் பின்னாடி துரத்திப் போயிருந்தாரு, அது 1986ல அப்போதைய வர்த்தக அமைச்சர் மால்கம் பால்ட்ரிஜ் சொன்ன "1,30,000ல இருந்து 7,50,000 வரை"ங்கிற வார்த்தையில போய் நின்னுச்சு. கீழ் நம்பரு காணாம போச்சு, மேல் நம்பரு மட்டும் இருபது வருஷம் உயிரோட இருந்துச்சு. இன்டர்நெட்டே பரவாத காலத்து நம்பர், இன்டர்நெட் திருட்டுக்கு ஆதாரமா!

ஒண்ணு சொல்லணும், அதே தணிக்கை அறிக்கை பிரச்சனை பெருசுதான்னும் சொல்லிருக்கு, அளக்கிறதுதான் ரொம்பக் கஷ்டம்னு சொல்லிருக்கு. ரெண்டையும் சேத்துப் படிக்கணும், நமக்கு வசதியான பாதிய மட்டும் எடுத்துக்கக்கூடாது.

படி 3: நம்பருக்கு முன்னாடி இருக்குற வார்த்தையைப் படிங்க

நம்ம நாட்டுக் கணக்குக்கு வருவோம். 2024 அக்டோபர்ல ஈஒய்ங்கிற ஆலோசனை நிறுவனமும் இந்திய இணைய, மொபைல் சங்கமும் சேந்து ஒரு அறிக்கை விட்டாங்க, 2023ல இந்தியாவோட பைரசி பொருளாதாரம் 22,400 கோடி ரூபான்னு. அதுல 13,700 கோடி தியேட்டர் படங்கள்ல இருந்து, 8,700 கோடி ஓடிடி சரக்குல இருந்து. கவனிங்க, அங்க இருந்த வார்த்தை "பைரசி பொருளாதாரம்". பல செய்தித் தலைப்புல அது "22,400 கோடி நஷ்டம்"னு ஆயிருச்சு. திருட்டுச் சந்தையோட அளவும், அதனால மத்தவனுக்கு ஆன நஷ்டமும் ஒண்ணா? பழைய புத்தகக் கடையில ஓடுற வியாபாரம் அத்தனையும் பதிப்பகத்துக்கு நஷ்டம்னு சொல்ல முடியுமா?

சாஃப்ட்வேர் பக்கம் இதே வார்த்தைப் பிரச்சனை வந்தப்ப அவங்களே மாத்திக்கிட்டாங்க. பிஎஸ்ஏங்கிற சாஃப்ட்வேர் கம்பெனிகள் கூட்டமைப்பு வருஷா வருஷம் "நஷ்டம்"னு ஒரு நம்பர் விடும், காப்பி போட்ட ஒவ்வொண்ணையும் விலையால பெருக்குனதுதான் அது. ரொம்பப் பேர் கேள்வி கேட்டதும் 2010 வாக்குல "லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேரோட வணிக மதிப்பு"ன்னு பேரை மாத்திட்டாங்க. இந்த ஒரு மாத்தம் எவ்வளவு நேர்மையானதுன்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் தோணும். நம்ம பக்கமும் அப்படிச் சொன்னா போதும், பாதிச் சண்டை முடிஞ்சிரும்.

படி 4: மொத்தத்தோட வச்சுப் பாருங்க

இது அஞ்சு நிமிஷ வேலை, ஆனா யாரும் செய்றதில்ல. 2023ல இந்தியா முழுக்க எல்லா மொழியும் சேத்து தியேட்டர்ல வசூலான மொத்தப் பணம் சுமார் 12,000 கோடி. வித்த டிக்கெட் 94 கோடி, சராசரி விலை 130 ரூபாய்க்குப் பக்கம். இப்ப அந்த 13,700 கோடியைப் பக்கத்துல வைங்க. அதை நஷ்டம்னு எடுத்துக்கிட்டா, திருட்டே இல்லாம போயிருந்தா தியேட்டர் வசூல் ரெண்டு மடங்குக்கும் மேல ஆகியிருக்கணும். 130 ரூபாயால வகுத்தா இன்னும் 105 கோடி டிக்கெட், அதாவது நாட்டுல தியேட்டர் போற ஒவ்வொருத்தரும் இப்ப போறதை விட இன்னும் ஒரு மடங்கு கூடுதலா போயிருக்கணும்.

நடக்கவே நடக்காதுன்னு நான் அடிச்சுச் சொல்லல. ஆனா இப்படி ஒரு விஷயத்தைச் சொல்றவங்க அதுக்கு ஆதாரம் காட்டணும். ஒரு கடையோட வருஷ விற்பனை 12 லட்சம், திருட்டுல போனது 13.7 லட்சம்னு ஒருத்தர் எங்க ஆபீஸுக்கு வந்து சொன்னா, நாங்க முதல்ல ஸ்டாக் ரெஜிஸ்டரைத்தான் கேப்போம்.

2008ல வந்த இன்னொரு அறிக்கை திருட்டாலயும் போலியாலயும் இந்திய பொழுதுபோக்குத் துறைக்கு 16,000 கோடி நஷ்டம், 8,20,000 வேலை போச்சுன்னு சொல்லுச்சு. 2023ல மத்திய அரசு சினிமாவுக்கு மட்டும் வருஷம் 20,000 கோடி நஷ்டம்னு சொல்லுச்சு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாக்காதீங்க, ஒண்ணுல பாட்டு, டிவி, கேம் எல்லாம் இருக்கு, இன்னொண்ணுல படம் மட்டும். எதை அளந்தாங்கன்னு தெரியாம வருஷத்துக்கு வருஷம் ஏறுதுன்னு கிராஃப் போடுறவங்களை நம்பாதீங்க.

படி 5: எத்தனை பேர் நிஜமா காசு குடுத்திருப்பாங்க? (இங்கதான் உயிரே இருக்கு)

எந்த நஷ்டக் கணக்கையும் பிரிச்சா உள்ள இருக்குறது இதுதான்: எத்தனை தடவை பாத்தாங்க, அதுல எத்தனை பேர் காசு குடுத்துப் பாத்திருப்பாங்க, டிக்கெட் விலை என்ன. முதலும் மூணாவதும் ஓரளவு அளக்கலாம். நடுவுல இருக்குறதுதான் கஷ்டம், அதனாலயே அதை ரொம்பப் பேர் நூத்துக்கு நூறுன்னு வச்சுட்டுப் போயிருவாங்க. எழுதக்கூட மாட்டாங்க, சும்மா பெருக்கிருவாங்க.

எங்க வளவுக்கே திரும்ப வாங்க. 11ல 3, அதாவது 27 பர்சன்ட். ஒரு வீட்டை வச்சு நாட்டுக்குச் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். அதனால முறையா ஆராய்ச்சி பண்ணவங்க என்ன சொல்றாங்கன்னு பாக்கணும்.

ராப், வால்ட்ஃபோகல்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் அமெரிக்க காலேஜ் பசங்ககிட்ட கேட்டு 2006ல எழுதுனாங்க, ஒரு ஆல்பம் டவுன்லோட் பண்ணா 0.2 ஆல்பம் வாங்குறது குறையுதுன்னு. அதாவது அஞ்சு டவுன்லோடுக்கு ஒரு விற்பனை போச்சு. ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ப் ரெண்டு பேரும் 2007ல வேற டேட்டாவ வச்சுப் பாத்துட்டு, பாட்டு டவுன்லோடால ஆல்பம் விற்பனை குறைஞ்சதுன்னு சொல்ற அளவுக்கு எதுவும் தெரியலன்னாங்க, அதுக்கு மத்த பொருளாதார நிபுணர்கள் கடுமையா மறுப்பு எழுதுனாங்க, அந்தச் சண்டை இன்னும் முழுசா ஓயல. ஐரோப்பிய கமிஷன் சுமார் 3,60,000 யூரோ செலவு பண்ணி எக்கோரிஸ்ங்கிற நிறுவனத்தை வச்சு ஒரு ஆய்வு பண்ணுச்சு, 2015லயே முடிஞ்சிருச்சு, ஆனா வெளிய வந்தது 2017ல, அதுவும் ஒரு எம்பி விடாம கேட்டதாலதான். பாட்டு, புத்தகம், கேம் இதுலயெல்லாம் விற்பனை குறைஞ்சதுக்கு உறுதியான புள்ளிவிவர ஆதாரம் கிடைக்கல. ஆனா புதுசா வந்த பெரிய படங்கள்ல மட்டும் தெளிவா தெரிஞ்சுது, திருட்டுல பாத்த ஒவ்வொரு 10க்கும் முறையா பாக்குறதுல 4 குறைஞ்சுது.

இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன், ஏன்னா நம்ம பேச்சு பூரா புதுப்படத்தைப் பத்தித்தான். 40 பர்சன்ட்ங்கிறது சின்ன நஷ்டம் இல்ல. படம் எடுத்தவங்களுக்கு இந்த நம்பரே போதும் நியாயம் கேக்க. பின்ன எதுக்கு நூறு பர்சன்ட்டைத் தூக்கிட்டு வந்து, கேக்குறவன் எதையுமே நம்பாத நிலைமைக்குக் கொண்டு போகணும்? எனக்கு இதுலதான் வருத்தமே.

படி 6: விலை எந்த விலை?

நம்ம ஈஒய் அறிக்கையிலயே ஒரு தகவல் இருக்கு, திருட்டுல பாக்குறவங்கள்ல 64 பர்சன்ட் பேர் விளம்பரத்தோட இலவசமா குடுத்தா முறையான ஆப்புக்கு மாறத் தயார்னு சொல்லிருக்காங்க. நல்லா கவனிங்க, "இலவசமா குடுத்தா". அவங்ககிட்ட இருந்து வரக்கூடிய பணம் விளம்பரக் காசு மட்டும்தான், ஒரு தடவை பாத்தா சில ரூபாய் கூடத் தேறாது. அவங்களை 130 ரூபாயால பெருக்க முடியாது.

அடுத்தது யார் நஷ்டம்னு கேளுங்க. 130 ரூபா முழுசும் தயாரிப்பாளர் கைக்குப் போகாது, ஜிஎஸ்டி போகும், உள்ளாட்சி வரி போகும், தியேட்டர் பங்கு போகும், விநியோகஸ்தர் பங்கு போகும். "தயாரிப்பாளருக்கு இத்தனை கோடி நஷ்டம்"னு டிக்கெட் விலையை வச்சுச் சொன்னா அது தப்பு, அவரோட பங்கை வச்சுத்தான் சொல்லணும். இன்னொரு பக்கம், தியேட்டர்ல பாப்கார்னும் பார்க்கிங்கும் நஷ்டம்தான், அது பெரும்பாலான கணக்குல வராது, நேர்மையா பாத்தா அதையும் சேக்கணும்.

படி 7: ஒரே ரூபாயை ரெண்டு தடவை எண்றாங்களான்னு பாருங்க

"சினிமாவுக்கு இவ்வளவு, அதைச் சார்ந்த தொழிலுக்கு இவ்வளவு, அரசாங்க வரிக்கு இவ்வளவு, ஆக மொத்தம் நாட்டுக்கு இவ்வளவு"ன்னு ஏணி மாதிரி ஏறும். 2006, 2007ல அமெரிக்காவுல ஒரு அமைப்பு இப்படித்தான் நேரடி நஷ்டத்தை எடுத்து, ஒரு பெருக்கல் எண்ணால பெருக்கி, 5,800 கோடி டாலர், 3,73,000 வேலைன்னு முடிச்சுது.

அன்னிக்கு நாங்க தியேட்டர் போகாததால மிஞ்சுன 390 ரூபா எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். மறுநாள் ஆச்சி மகனும் அவன் பொண்டாட்டியும் நானும் காரைக்குடியில கல்லுக்கட்டிப் பக்கம் போய்ப் பரோட்டா சாப்பிட்டோம். கடைக்காரருக்கு வருமானம், மாவு வித்தவருக்கு வருமானம். அந்தப் பணம் ஊரை விட்டுக் காணாம போகல. சினிமாக்காரங்களுக்கு 390 போச்சு, அது உண்மை, அது அநியாயம். ஆனா நாட்டுக்கு 390 போச்சுன்னு எழுதுனா, பரோட்டாக் கடைய நாட்டுல இருந்து தள்ளி வச்சுட்டோம்னு அர்த்தம். வரி நஷ்டமும் இதே மாதிரிதான், ஈஒய் அறிக்கையில ஜிஎஸ்டி நஷ்டம் 4,300 கோடி வரைன்னு போட்டிருக்கு, அந்தப் பணம் வேற எதுல செலவாச்சோ அதுல வந்த வரியைக் கழிச்சாத்தானே நிகரக் கணக்கு?

தியேட்டர்ல ஒரு தடவை, ஓடிடியில ஒரு தடவைன்னு அதே ஆளை ரெண்டு பக்கமும் எண்ணிருக்காங்களான்னும் கேளுங்க. எங்க சிங்கப்பூர் அண்ணன் மாதிரி ஏற்கனவே காசு குடுத்தவங்களை என்ன பண்ணாங்கன்னும் கேளுங்க.

படி 8: எப்ப வந்த பிரிண்ட்?

இதைச் சேக்காத கணக்கு எனக்குப் பாதிக் கணக்கு. ரிலீஸுக்கு முன்னாடி லீக் ஆன படங்களையும், ரிலீஸுக்கு அப்புறம் லீக் ஆன படங்களையும் ஒப்பிட்டு 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு, முன்னாடி லீக் ஆனா வசூல் 19.1 பர்சன்ட் குறையுதுன்னு. டேனஹர்ங்கிற ஆராய்ச்சியாளரும் முன்னாடி சொன்னதுல இருந்து வேற ஒரு வால்ட்ஃபோகலும் பாத்ததுல, அமெரிக்காவுல ரிலீஸ் ஆகி மத்த நாட்டுக்கு லேட்டா வர்ற படங்களுக்கு அந்த நாட்டு வசூல் சுமார் 7 பர்சன்ட் அடி வாங்குது, அமெரிக்காவுக்குள்ள அப்படி ஒரு பாதிப்பு தெரியல. நாள்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. முதல் நாள் வர்ற தியேட்டர் பிரிண்ட் ஒரு வகை, நாலு வாரம் கழிச்சு ஓடிடியில விழுந்த அன்னிக்கு ராத்திரி டெலிகிராம்ல வர்ற எச்டி பிரிண்ட் வேற வகை, அதுக்குள்ள தியேட்டர் ஓட்டம் பெரும்பாலும் முடிஞ்சிருக்கும். ரெண்டாவதுல பாத்த லட்சம் பேரையும் தியேட்டர் டிக்கெட் விலையால பெருக்குனா அது கணக்கே இல்ல.

இன்னொண்ணு, 2012 ஜனவரியில மெகாஅப்லோட்ங்கிற ஃபைல் பகிர்ற தளத்தை மூடுனாங்களே, அதுக்கு அப்புறம் தியேட்டர் வசூல் எப்படி மாறுச்சுன்னும் ஆய்வு பண்ணிருக்காங்க. பெரிய படங்களுக்கு நல்லது நடந்துச்சு, நடுத்தர, சின்னப் படங்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சுது, யாரோ பாத்துட்டு வாயால சொல்லித்தான் அந்தப் படங்களுக்குக் கூட்டம் வரும், அது நின்னு போச்சுன்னு விளக்கம் சொல்றாங்க. "சினிமாவுக்கு நஷ்டம்"னு மொத்தமா ஒரே நம்பர் சொல்றது எவ்வளவு சிக்கல்னு இதுல தெரியும்.

படி 9: தப்பு நடந்தா திருத்துறாங்களா?

2005ல ஹாலிவுட் படக் கம்பெனிகளோட சங்கம் ஒரு ஆய்வு பண்ணி, உள்நாட்டு நஷ்டத்துல 44 பர்சன்ட் காலேஜ் மாணவர்களாலதான்னு சொன்னாங்க. அதை வச்சு காலேஜ் நெட்வொர்க்குல கட்டுப்பாடு வேணும்னு சட்டம் கேட்டாங்க. 2008 ஜனவரியில அவங்களே "மனிதத் தவறு, 15 பர்சன்ட்தான்"னு ஒத்துக்கிட்டாங்க. அதுலயும் பெரும்பாலான மாணவர்கள் காலேஜ் ஹாஸ்டல்ல தங்குறதில்ல, அதைக் கழிச்சா காலேஜ் நெட்வொர்க்குல நடக்குறது 3 பர்சன்ட் பக்கம்தான்னு கல்வித்துறைக்காரங்க சொன்னாங்க. 44ல இருந்து 3! திருத்துனதுக்கு அவங்களைப் பாராட்டணும், ஆனா மூணு வருஷம் அந்த 44 வேலை செஞ்சிருச்சே.

கோர்ட்டுக்குப் போனா என்ன ஆகும்னு அமெரிக்காவுல லைம்வயர்ங்கிற பாட்டுப் பகிர்ற சாஃப்ட்வேர் மேல நடந்த கேஸ்ல பாக்கலாம். பாட்டுக் கம்பெனிகள் ஒவ்வொரு டவுன்லோடுக்கும் தனித்தனியா நஷ்ட ஈடு கேட்டாங்க, 2011ல நீதிபதி கிம்பா வுட் அது அபத்தமான முடிவுக்குக் கொண்டு போகும், லட்சக்கணக்கான கோடி டாலர் ஆயிரும்னு சொல்லி ஏத்துக்கல. கடைசியில 10.5 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு.

இதெல்லாம் நமக்கெதுக்குன்னு கேக்காதீங்க. தமிழ்நாட்டுல 2004லயே குண்டர் சட்டத்துல வீடியோ திருடர்களைச் சேத்தாச்சு, ஒருத்தரை விசாரணை இல்லாம ஒரு வருஷம் வரை உள்ள வைக்கலாம். 2023ல திருத்துன சினிமா சட்டத்துல மூணு மாசம் முதல் மூணு வருஷம் ஜெயில், மூணு லட்சத்துல இருந்து படத்தோட தயாரிப்புச் செலவுல 5 பர்சன்ட் வரை அபராதம். இந்தத் தண்டனைகள் வேணுமா வேணாமான்னு நான் இங்க பேசல. ஒருத்தன் ஜெயிலுக்குப் போற சட்டத்துக்குப் பின்னாடி நிக்கிற நம்பர் பேரேட்டுல நிக்கணும், அவ்வளவுதான் கேக்குறேன்.

படி 10: நீங்களே ஒரு கணக்குப் போடுங்க

ஒரு படத்தோட திருட்டுப் பிரிண்ட்டை 1,00,000 பேர் பாத்ததா வச்சுக்குவோம், இது உதாரணத்துக்குத்தான். நேரா பெருக்குனா 130 ரூபாயால 1.3 கோடி. இதைத்தான் பேப்பர்ல போடுவாங்க.

இப்ப ஒரே நம்பர் போடாம மூணு போடுங்க. 10 பர்சன்ட் பேர் தியேட்டர் போயிருப்பாங்கன்னா 13 லட்சம். 20 பர்சன்ட்னா 26 லட்சம். 40 பர்சன்ட்னா 52 லட்சம். இது வசூல் நஷ்டம். தயாரிப்பாளர் பக்கம் டிக்கெட்டுக்கு 45 ரூபா வருதுன்னு வச்சா, அவருக்கு 4.5 லட்சம், 9 லட்சம், 18 லட்சம். இந்த 45ங்கிறது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், உங்களுக்குத் தெரிஞ்ச நம்பரைப் போட்டுக்கங்க. பக்கத்துல எழுதி வைங்க, எந்த எண் அளந்தது, எந்த எண் ஊகம்னு. நான் அளந்ததுக்குக் கறுப்பு மை, ஊகத்துக்குச் சிவப்பு மை வைப்பேன், பக்கம் பூரா சிவப்பா இருந்தா அந்தக் கணக்கை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

சில மாசம் முன்னாடி ஒரு கூட்டத்துல மேடையில ஒருத்தர் ஒரு படத்துக்கு மட்டும் இத்தனை கோடி போச்சுன்னு சொன்னாரு. கீழ இறங்குனதும் போய் கேட்டேன், "அண்ணே, எப்படிண்ணே போட்டீங்க?"ன்னு. "டவுன்லோடு கவுன்ட்டை டிக்கெட் ரேட்டால பெருக்குனது தம்பி, வேற எப்படிப் போடுறது?"ன்னாரு. அவரு பொய் சொல்லல, நிஜமாவே வேற வழி தெரியாமத்தான் கேட்டாரு. இந்தக் கட்டுரை எழுத உக்காந்ததே அந்தக் கேள்வியாலதான்.

வேற வழி: டிசிஆர்

ஒவ்வொரு தியேட்டர்லயும் தினசரி வசூல் ரிப்போர்ட் இருக்கு, டிசிஆர்னு சொல்லுவோம், ஷோவுக்கு எத்தனை டிக்கெட் கிழிஞ்சதுன்னு அதுல இருக்கும். பிரிண்ட் எந்தத் தேதியில எந்த நேரத்துல வந்துச்சுன்னு குறிச்சு வைங்க. அதுக்கு முன்னாடி, பின்னாடி டிசிஆரைப் பாருங்க. வெறுமனே குறைஞ்சுதுன்னு பாத்தா பத்தாது, ஏன்னா எந்தப் படமும் திங்கக்கிழமை விழும், ரெண்டாவது வாரம் விழும், மழை பெஞ்சா விழும், பக்கத்து ஊர்ல திருவிழான்னா விழும். காரைக்குடியைத் தேவகோட்டையோட ஒப்பிட்டும் பிரயோஜனம் இல்ல, பிரிண்ட் வந்தா ரெண்டு ஊருக்கும் ஒரே நேரத்துலதான் வரும்.

ஒப்பிட வேண்டியது படத்தைப் படத்தோட. ஒரே அளவு ஓப்பனிங் எடுத்த படங்களை எடுங்க, அதுல முதல் நாளே பிரிண்ட் வந்தது ஒரு பக்கம், பத்து நாள் கழிச்சு வந்தது ஒரு பக்கம். ரெண்டு பக்கமும் முதல் பத்து நாள் எவ்வளவு வேகமா விழுதுன்னு கோடு போடுங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிதான் நஷ்டம்னு சொல்லத் தகுந்த முதல் நம்பர். ரெண்டு மூணு படத்துல தெரியாது, அம்பது அறுபது படமாவது வேணும். ஆய்வுக்காரங்க பண்ணதும் இதே வேலைதான், கொஞ்சம் பெரிய அளவுல.

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் தியேட்டர் நடத்துறவங்க பழைய டிசிஆர் நோட்டைத் தூக்கிப் போட்டுறாதீங்க. அஞ்சு வருஷ நோட்டு இருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமைகள்ல வந்து உக்காந்து நானே எடுத்து எழுதிக்கிறேன், எந்தத் தியேட்டர்னு வெளிய வராது. கறுப்பு மைப் பேனா நிறைய வாங்கி வச்சிருக்கேன்.